நீலக் கோட்டுக்கு எந்தப் பக்கம்

கடிதம் எண் 1
நாள்: 6-6-1994, திங்கட்கிழமை. நேரம்: முற்பகல் 9.40

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு என் உடல்நிலை சீராக உள்ளது. நேற்று முன்தினம் முதல் இடது காதில் சிறிது அடைப்பு; பொருட்படுத்தத் தக்கதன்று. உன் முழங்கால் வலி எவ்வாறு உள்ளது என்பதையும், மாப்பிள்ளையின் கண் பற்றி மருத்துவர் கூறியதையும் அறிய விரும்புகிறேன்.

11-3-1994 அன்று உன் அண்ணி காலமானபோது நீங்கள் இருவரும் வந்து உடனிருந்ததற்கு நான் முறைப்படி நன்றி தெரிவிக்கவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். தெரிவித்துக்கொள்கிறேன்.

இக்கடிதத்தின் நோக்கம் வேறு. 31-5-1994 அன்று வீட்டுக்காரர் நேரில் வந்தார். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறாராம். 30-11-1994க்குள் நான் காலி செய்ய வேண்டும். மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். முதல் முறையே போதுமானதாக இருந்தது.

என்முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உங்கள் ஊரில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொண்டு வந்துவிடுவது. மற்றது, நான் வரைவாளராகப் பணியாற்றிய நில அளவை அலுவலகத்தின் பின்புறம் உள்ள விடுதியில் ஓர் அறை எடுப்பது. அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டில் ஒன்று, மேசை ஒன்று, நாற்காலி ஒன்று. சன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். அங்கு யாரும் யாரோடும் பேசுவதாகத் தெரியவில்லை. அந்த வகையில் வசதியான இடமே.

முதல் வழி சாத்தியமா என்று பார்த்த பிறகே இரண்டாவது. ஆகவே, வீடு எங்கே இருக்க வேண்டும் என்பதில் உனக்கு ஏதேனும் நிபந்தனை உண்டெனில் எழுத்தில் தெரிவி. நிபந்தனைகளை அசமன்பாடுகளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவாக எஞ்சும் பகுதியைப் பார்த்துவிட்டால் விவாதத்துக்கு இடமிராது. வாழ்நாளெல்லாம் பள்ளியில் இயற்கணிதம் கற்பித்த உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அன்றாட வேலைகள் நடக்கின்றன. காலையில் அளவுப் புட்டியில் முக்கால் லிட்டர் தண்ணீர் நிரப்பி மேசைமேல் வைக்கிறேன். ஒரு நாளைக்கு உன் அண்ணிக்கு மருத்துவர் அனுமதித்த அளவு அது. மாலையில் பார்த்தால் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
அண்ணன்

இணைப்பு: தபால்தலை ஒட்டிய உறை – 1. பதிலுக்குப் பயன்படுத்தவும்.


வரவு எண் 1
தேதியிடப்படவில்லை. பெற்ற நாள்: 20-6-1994

ஸ்கேல் அண்ணாவுக்கு,

இங்க ரெண்டு பேரும் சுகம். முட்டி அதும்பாட்டுக்கு வலிச்சுட்டு இருக்கு. அவர் கண்ணுல புரை நல்லா பழுத்த பிறகுதான் ஆபரேஷனாம். டாக்டரா பழ வியாபாரியான்னு தெரியல. உங்க காதுல கண்டதையும் விட்டுக் குடையாதீங்க.

தேதி போடலைன்னு திட்டாதீங்க. போட்டா நீங்க காலண்டரை வச்சு சரி பார்ப்பீங்க.

லாட்ஜு அது இதுன்னு இன்னொரு தடவை எழுதினீங்கன்னா நானே வந்து பெட்டியைக் கட்டிடுவேன். ஒரு கட்டில் ஒரு நாற்காலின்னு என்னமோ கல்யாணச் சீர் மாதிரி எழுதியிருக்கீங்க. படிச்சுட்டு எனக்கு சோறு இறங்கல.

எங்க வீட்லயே வந்து இருங்கன்னு நான் கூப்பிடமாட்டேன். வரமாட்டீங்க. வந்தாலும், எங்க கடிகாரம் ஏழு நிமிஷம் முன்னாடி ஓடுது, உங்களுக்குத் தூக்கம் பிடிக்காது. தனி வீடே பாருங்க. எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. என் வீட்லேர்ந்து ஆறு தெருவுக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல சோத்துக் கேரியரைத் தூக்கிட்டு இந்த முட்டி நடக்காது.

அவர் கேக்கறார், மச்சான் வீடு தேடறாரா, இல்ல நமக்கு வினாத்தாள் தயார் பண்றாரான்னு. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர், ஊர்ல அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. நீங்க எங்கன்னு சொல்லுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்.

அந்தப் புட்டித் தண்ணியை நீங்க குடிச்சுடுங்க அண்ணா.

உங்க வாலு


கடிதம் எண் 2
நாள்: 27-6-1994, திங்கட்கிழமை. நேரம்: முற்பகல் 10.05

அன்புள்ள தங்கைக்கு,

நலம். காதடைப்பு நீங்கிவிட்டது. மாப்பிள்ளை வெயிலில் அலையாதிருத்தல் நன்று.

இத்துடன் வரைபடத்தாள் ஒன்று இணைத்துள்ளேன். உங்கள் ஊரில் தெருக்கள் கட்டம் கட்டமாகச் செல்வதால், கிழக்கே எத்தனை தெரு, வடக்கே எத்தனை தெரு என்று கூட்டினாலே நடக்கும் தூரம் கிடைத்துவிடுகிறது. தெற்கே இருப்புப்பாதை, மேற்கே ஆறு. இரண்டும் சந்திக்கும் மூலையில் உன் வீடு. எனவே உன் வாசலையே ஆதிப்புள்ளியாகக் கொண்டேன். ஊரின் எதிர் மூலையில், கிழக்கே ஒன்பது, வடக்கே எட்டாவது தெருவில், மருத்துவமனை.

சிவப்புக் கோடு உன் வாசலிலிருந்து ஆறு தெருத் தொலைவைக் குறிக்கிறது. நீலக் கோடு மருத்துவமனையிலிருந்து நான்கு தெருத் தொலைவைக் குறிக்கிறது. ‘ஆறு தெருவுக்குள்’ என்று எழுதினாயே தவிர, ஆறாவது தெரு உட்படுமா என்று குறிப்பிடவில்லை. உட்படும் என எடுத்துக்கொண்டு முழுக்கோடாகப் போட்டிருக்கிறேன். உட்படாதெனில் புள்ளிக்கோடாக மாற்ற வேண்டும். உடனே தெரிவி.

ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பக்கத்தில் அதே நிறத்தில் சாய்கோடுகள் போட்டிருக்கிறேன். எந்தப் பக்கம் வேண்டும் என்பதைத் தாளே சொல்லும். அதை எழுத்தில் வேறு விளக்குவது தாளை அவமதிப்பதாகும்.

கீழ்த்தளமாக இருப்பின் நன்று. மற்றபடி எனக்கென்று விருப்பம் ஏதுமில்லை.

இப்படிக்கு,
அண்ணன்

இணைப்பு: வரைபடத்தாள் – 1. பார்த்துவிட்டுத் தவறாமல் திருப்பி அனுப்பவும்.


வரவு எண் 2
தேதியிடப்படவில்லை. பெற்ற நாள்: 1-8-1994

அண்ணாவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். நீங்களும் அப்படியே இருப்பீங்கன்னு நினைக்கறேன்.

பதில் போட நாளாயிடுச்சு. தாள் வந்ததும் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கற மாதிரியே ஆதிப்புள்ளியை வச்சுப் பார்த்தேன். ஆதிப்புள்ளி என் வாசல். அதுல சிவப்பு விழல. ஆறு தெருவைத் தாண்டினதும் அந்தப் பக்கம் பூரா சிவப்பு. ஆறுக்குள்ள இருங்கன்னு நான் கேட்டேன். ஆறுக்கு வெளியதான் இருப்பேன்னு நீங்க கோடு போட்டுச் சொல்லிட்டீங்க. வாயால சொல்லியிருந்தாலும் நான் ஒண்ணும் கேட்டிருக்கமாட்டேன்.

நீலமும் ஆஸ்பத்திரியை விட்டு இந்தப் பக்கமாத்தான் அடிச்சிருக்கு. அது எனக்குப் புரியுது. அதைப் பத்திப் பேச வேண்டாம்.

ரெண்டு நிறமும் ஒண்ணா விழற பட்டை நடுவுல இருக்கு. அதுலதான் தேடினோம். கிழக்கே அஞ்சு, வடக்கே அஞ்சு. அச்சகத்துக்குப் பக்கத்து வீடு, கீழ்த்தளம், பின்னாடி துணி உலர்த்த இடம் இருக்கு. அவர் பாதிக் கண்ணை வச்சுட்டு பத்து நாள் அலைஞ்சு கண்டுபிடிச்சார். எடுத்துக்கறோம்னு வாய்வார்த்தை சொல்லியாச்சு. எங்களுக்குப் பத்து தெரு. வாரத்துக்கு ஒரு தடவை வண்டி பிடிச்சு வந்து பாத்துட்டுப் போவேன். அது உங்களுக்குத் தொந்தரவா இருக்காதுன்னு நினைக்கறேன்.

தாளை அப்புறம் அனுப்பறேன்.

தங்கை


கடிதம் எண் 3
நாள்: 4-8-1994, வியாழக்கிழமை. நேரம்: முற்பகல் 8.20

அன்புள்ள தங்கைக்கு,

நலம். வழக்கமாகக் கடிதங்களுக்கு ஒன்பதரை மணிக்கு மேல் அமர்பவன், இதை முன்னதாக எழுதுகிறேன்.

நீ தாளைத் தலைகீழாகப் படித்திருக்கிறாய். எங்கள் அலுவலகத்தில் சதுப்பு, கல் வெட்டிய குழி, வெள்ளம் ஏறும் கரை என்று எவையெவை ஆகாதோ அவற்றுக்கே சாய்கோடு போடுவோம். கோடு விழாமல் வெள்ளையாக எஞ்சுவதே கொள்ளத்தக்க நிலம். பணி ஓய்வு பெறும் நாள்வரை நான் போட்ட சாய்கோடு ஒவ்வொன்றும் விலக்குவதற்கே. இதற்கு வேறொரு முறை இருக்கக்கூடும் என்பது என் நினைவுக்கு வரவில்லை.

ஆகவே நீ பார்த்த வீடு இரு நிபந்தனைகளையும் ஒருங்கே மீறுகிறது. உன்னிடமிருந்து பத்துத் தெரு. மருத்துவமனையிலிருந்து ஏழு. இரு நிறமும் விழுந்த இடம் இரு முறை தள்ளப்பட்ட இடம். அச்சகத்தின் பக்கத்து வீட்டுக்காரரிடம் என் வருத்தத்தைத் தெரிவித்துவிடு. மாப்பிள்ளையிடமும்.

உன்னைவிட்டுத் தள்ளி இருக்க விரும்புவதாக நான் எங்கும் எழுதவில்லை. எழுதாததைப் படித்திருக்கிறாய்.

தாள் இன்னும் திரும்பி வரவில்லை என்பதையும் குறிப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்

இணைப்பு: தபால்தலை ஒட்டிய உறை, தாளின் அளவுக்கு – 1.


வரவு எண் 3
தேதியிடப்படவில்லை. பெற்ற நாள்: 16-8-1994

ஸ்கேல் அண்ணாவுக்கு,

சுகம். ரெண்டு மாசம் கழிச்சு நேத்துதான் நல்லா தூங்கினேன்.

வேணுங்கற பக்கத்துக்கு ஷேடு போடுங்கன்னு எத்தனை வருஷம் கரும்பலகைல கத்தியிருப்பேன். மாத்திப் போட்ட பிள்ளைங்க காதைத் திருகியிருக்கேன். சொந்த அண்ணனே அந்தப் பிள்ளைங்க கட்சின்னு யாருக்குத் தெரியும்? உங்க கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். அவர், “வேணாம்ங்கற இடத்துக்குப் போயி ஒரு மனுஷன் இவ்வளவு பென்சிலைத் தேய்ப்பாரா?”ன்னார். அப்புறம் அச்சகத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட போயி, எங்க மச்சான் படம் வரையற ஆளு, அப்படித்தான் இருப்பார்னு சொல்லி வாங்கிக் கட்டிட்டு வந்தார்.

சரி, வெள்ளை எங்க இருக்குன்னு தேடலாம்னு தாளை சன்னல்கிட்ட வச்சு உட்கார்ந்தேன். அண்ணா, இந்தத் தாள்ல வெள்ளையே இல்ல. ஆஸ்பத்திரி ஒன்பதும் எட்டும் பதினேழு, நாலு போனா பதிமூணு. x + y ≤ 6, x + y ≥ 13. ரெண்டும் சேர்ந்து நடக்கற காரியமா? ஆறுக்குள்ளயும் இருக்கணும், பதிமூணுக்கு அந்தப் பக்கமும் இருக்கணும்னா எந்தக் கொத்தனார் வந்து அந்த வீட்டைக் கட்டுவார்? கோடு போடும்போதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஆறு சேர்த்திதான். முழுக்கோடே இருக்கட்டும். சிவப்பு என்னுது.

உங்களுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி நாலு தெருவுல? காதடைப்புக்கா? அந்த நீலக் கோடு யாரோடது?

உங்க வாலு

தாள் இன்னும் என்கிட்டதான் இருக்கு. பதில் வந்தாத்தான் தருவேன்.


கடிதம் எண் 4
நாள்: 18-8-1994, வியாழக்கிழமை. நேரம்: பிற்பகல் 3.30

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீ தூங்கியது குறித்து மகிழ்ச்சி.

தீர்வு இல்லாத தொகுப்பும் முறையான தொகுப்பே. அது தாளின் குறையன்று.

நீலக் கோடு 8-2-1991, வெள்ளிக்கிழமை, இதே மேசையில் போடப்பட்டது. உன் அண்ணி அன்று டயாலிசிஸ் முடித்து வந்திருந்தாள். உங்கள் ஊர் மருத்துவமனையில் அந்த இயந்திரத்தில் இடம் கிடைத்தால் அங்கேயே குடிவந்துவிடலாம் என்று எங்களுக்குள் பேச்சு. வீடு எவ்வளவு தொலைவில் இருக்கலாம் என்று கேட்டேன். “முடிச்சுட்டு வண்டில ஏறினா குமட்டும். உங்க கையைப் பிடிச்சுட்டு நாலு தெரு நடப்பேன். அதுக்கு மேல ஆகாது” என்றாள். தாளை எடுத்துக் கோடு போட்டேன். இயந்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டோம். நீ பார்ப்பது அந்தத் தாள்தான். சிவப்பு மட்டுமே புதிது.

நிபந்தனை விதித்தவர் அதைத் திரும்பப் பெறவில்லை. நீக்கும் அதிகாரம் எனக்கு இல்லை.

எனவே விடுதிக்கு எழுதிவிட்டேன். 1-12-1994 முதல் அறை. உங்கள் இருவரின் முயற்சிக்கும் நன்றி.

இப்படிக்கு,
அண்ணன்

இணைப்பு: ஏதுமில்லை.


வரவு எண் 4
தேதியிடப்படவில்லை. பெற்ற நாள்: 29-8-1994

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்கற கடிதம் இல்ல இது.

அது அண்ணியோட காலுக்குப் போட்ட கோடு. அந்தக் கால் இனிமே நடக்காது. கோட்டைத் திரும்ப வாங்கிக்க அவங்க வரமாட்டாங்க அண்ணா. அவங்க வரட்டும்னு நீங்க காத்துட்டு இருந்தா, அந்த எதிர்ச்சுவரைப் பாத்துட்டே உங்க காலமும் போயிடும்.

நானே அழிச்சுடலாம்னு நேத்து ரப்பரை எடுத்துட்டு உட்கார்ந்தேன். அவர் கையிலேர்ந்து பிடுங்கிட்டார். “அது உன் தாள் இல்ல, வை”ன்னார். இத்தனை வருஷத்துல என்கிட்ட அவர் குரல் உசத்தினது இல்ல.

அதனால திருப்பி அனுப்பறேன். ஒரு கோடு போனா மிச்சம் வெள்ளையாயிடும். அது உங்க கையால போகணும்.

நான் எழுதினது தப்புன்னா தப்புதான். ஆனா எழுதிட்டேன்.

வாலு


வரவு எண் 5
தேதியிடப்படவில்லை. பெற்ற நாள்: 3-10-1994

அண்ணாவுக்கு,

உங்க உடம்பு எப்படி இருக்கு? ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, உங்க பக்கத்துலேர்ந்து ஒரு வரி இல்ல. தபால்காரர் என்னைக் கண்டா இப்பல்லாம் எதிர்வரிசைல போறார்.

அவருக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கட்டைப் பிரிச்சதும் என் முகத்தைத்தான் முதல்ல பாத்தார். “இவ்வளவு வயசாயிடுச்சா உனக்கு? எவனும் சொல்லவே இல்லையே”ன்னார். நர்ஸு சிரிச்சு மருந்துத் தட்டைக் கீழ போட்டுட்டா.

கேக்கணும்னு எழுதல, சேதியாத்தான் எழுதறேன். கிழக்கே ரெண்டு, வடக்கே நாலுல ஒரு வீடு காலியாகுது. கீழ்த்தளம். மாடில ஒரு தையல்காரம்மா, பகல்ல மிஷின் சத்தம் கேக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு நிறுத்திடுவாங்க. முன் அறைல உங்க மேசை போட ரெண்டு சன்னல் நடுவுல இடம் இருக்கு, நான் கையால முழம் போட்டுப் பாத்தேன். இந்த மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் விடமாட்டேன்னு வீட்டுக்காரர் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கார். அதுக்கு மேல வைக்க மாட்டார்.

எழுத ஒண்ணும் இல்லைன்னா வெறும் தாளையாவது உறைல போட்டு அனுப்புங்க. உங்க கையெழுத்துல விலாசம் இருந்தாப் போதும்.

வாலு


கடிதம் எண் 5
நாள்: 24-10-1994, திங்கட்கிழமை. நேரம்: முற்பகல் 10.15

அன்புள்ள தங்கைக்கு,

நலம். மாப்பிள்ளையின் கண் தேறியது அறிந்தேன். அவர் சொட்டுமருந்தை இடைவிடாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

29-8-1994, 3-10-1994 ஆகிய நாள்களில் பெற்ற உன் இரு கடிதங்களுக்கும் சேர்த்து இப்பதில். நீ எழுதியதில் தவறேதும் காணப்படவில்லை.

வண்ணப் பென்சிலைச் சாதாரண ரப்பர் எடுப்பதில்லை. அலுவலகத்தில் பயன்படுத்திய வகையைத் தேடி வாங்க நேர்ந்தது. வாங்கிய பிறகும் அது சில நாள் உறை பிரிக்கப்படாமல் மேசையில் இருந்தது. 21-10-1994, வெள்ளிக்கிழமை முற்பகல், நீலச் சாய்கோடுகளை முதலிலும், கோட்டைக் கடைசியிலும் அழித்தேன். 1991இல் பென்சிலை மிக அழுத்திப் பிடித்திருக்கிறேன் போலும். நிறம் போய்விட்டது. தடம் போகவில்லை. தாளைச் சன்னலருகே சாய்த்துப் பிடித்தால் தெரியும். பார்ப்பவர் யாரும் அதை நிபந்தனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளையாக ஒரு முக்கோணம் எஞ்சியிருக்கிறது. அதன் மூலையில் உன் வாசல் இருக்கிறது.

கிழக்கே இரண்டு, வடக்கே நான்கு. கூட்டினால் ஆறு. வீடு உன் கோட்டின்மீதே நிற்கிறது. ஆறும் சேர்த்தி என்று நீ எழுதியிருப்பதால் அது செல்லும். உன் நிபந்தனைக்குள் நின்றுகொண்டு நீலம் இருந்த பக்கத்துக்கு இதைவிட நெருங்க வழியில்லை. அந்த வீட்டை எடுத்துக்கொள்கிறேன். தையல் இயந்திரச் சத்தத்துக்கு ஆட்சேபணை இல்லை.

விடுதிக்கு அறை வேண்டாமென்று எழுதிவிட்டேன். 27-11-1994, ஞாயிற்றுக்கிழமை, மாலை வண்டியில் வருகிறேன். நிலையத்துக்கு மாப்பிள்ளை மட்டும் வந்தால் போதும். உன் முழங்காலுக்குப் படிகள் ஆகா.

மேற்படி வெள்ளிக்கிழமை மாலை புட்டியில் இருந்த தண்ணீரை நானே குடித்தேன். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்பது மிகவும் குறைவு.

இப்படிக்கு,
அண்ணன்

இணைப்புகள்:
1. வீட்டுக்காரருக்கு என் ஒப்புதல் – 1. நேரில் கொடுத்துவிடவும்.
2. முன் அறைச் சன்னல்களின் அளவைக் குறிக்க வெற்றுத் தாள் – 1. முழக்கணக்கு ஏற்கப்படமாட்டாது. அளவுநாடாவால் அளந்து, நிரப்பி, திருப்பி அனுப்பவும்.
3. வரைபடத்தாள் – 1. திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.